முதியோரின் சிறுநீர்த் துன்பங்கள்: களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்

வீடு வீடாகச் சென்று நலம் விசாரிக்கும் பணியாளரிடம் முதியோர் பலவற்றைச் சொல்வர். முழங்கால் வலியைச் சொல்வர். கண் மங்கலைச் சொல்வர். மகன் தரும் பணம் போதாமையையுங்கூடச் சொல்வர். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அது சிறுநீர் பற்றிய துன்பமாகும். ஆடவர் அதனை வயதின் இயல்பு என்று கொள்கின்றனர். பெண்டிர் அதனை வெளியிற் சொல்லத் தகாதது என்று கொள்கின்றனர். இவ்விரு எண்ணங்களாலும், தீர்க்கத்தக்க கோளாறுகள் பல, சிறுநீரகங்கள் பழுதுபடும்வரை மறைந்து கிடக்கின்றன. நாம் கேளாமல் இவை வெளிவாரா. எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்டறிந்தபின் என்ன செய்வது என்பனவே இப்பாடத்தின் பொருள். மும்பையில் தமிழர் நெருங்கி வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரே உறுப்பின் ஒரே கோளாறு, வீட்டுக்கும் கழிப்பறைக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பொறுத்து, வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை அங்கே காணலாம்.

நனைந்த வேட்டி

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே ஓர் அறை. செங்குத்தான இரும்பேணியில் ஏறினால் மேலே மற்றோர் அறை. கீழறையில் 72 வயதுப் பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். இளமையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர். சில மாதங்களாக அவருடைய வேட்டி எப்போதும் சிறிது நனைந்தே இருக்கிறது. இரவில் படுக்கையும் நனைகிறது. "வயசாயிட்டு, அடக்க முடியல" என்கின்றனர் வீட்டார். வலி ஏதும் இல்லை என்கிறார் பெரியவர். படுக்கை நனையாதிருக்கும் பொருட்டு மாலைக்குப்பின் அவருக்குத் தண்ணீர் தருவதையும் நிறுத்திவிட்டனர். பணியாளர் தம் குறிப்பேட்டில் 'முதுமை; சிறுநீரை அடக்க இயலாமை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடக்கூடும்.

இங்கேதான் பிழை நேர்கிறது. முதிய ஆடவர் ஒருவர்க்குப் புதிதாகப் படுக்கை நனையத் தொடங்கினால், அவருடைய சிறுநீர்ப்பை நிரம்பித் ததும்புகிறது என்றே முதலில் ஐயுற வேண்டும். ஓட்டைக் குடம் ஒழுகுவது ஒன்று. நிரம்பிய குடம் வழிவது வேறொன்று. வெளியிலிருந்து காண்பவர்க்கு இரண்டும் ஈரமே.

இஃது எங்ஙனம் நிகழ்கிறது? சிறுநீர்ப்பை ஒரு தசைப் பை. வழக்கமாக 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை சேர்ந்ததும் அது சுருங்கி நீரை வெளியேற்றும். வெளிவழி சிறிது சிறிதாகக் குறுகினால், பையின் தசை முதலில் தடித்து வலிமையுடன் உந்துகிறது. பின்னர் தளர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீர் உள்ளே தங்குகிறது. தங்குவது நாளடைவில் மிகுகிறது. பை மெல்ல மெல்ல விரிவதால் வலி தோன்றுவதில்லை. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீரைச் சுமந்துகொண்டே நடமாடும் முதியவர் உண்டு. மேற்கொண்டு இடமில்லாத நீர் சொட்டுச் சொட்டாக வழிகிறது. உறக்கத்தில் கட்டுப்பாடு தளர்வதால் படுக்கை நனைகிறது. பைக்குள் உள்ள அழுத்தமோ மேல்நோக்கிச் சென்று, சிறுநீர்க் குழாய்களை விரித்து, சிறுநீரகங்களை அமுக்குகிறது. பசியின்மை, குமட்டல், அயர்வு, கால் வீக்கம் ஆகியவை தோன்றும்போது சிறுநீரகங்கள் பெரிதும் கெட்டிருக்கும். அவற்றையும் வீட்டார் முதுமை என்றே கொள்வர்.

ஆகவே நனைந்த வேட்டியைக் கண்டதும் ஒரு சோதனை செய்க. பெரியவரை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால்களை மடக்கி, கொப்பூழுக்குக் கீழே உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். அடிவயிற்றின் நடுவே வழவழப்பான உருண்டைபோல ஒன்று எழும்பியிருந்தால், விரலால் தட்டும்போது மந்தமான ஒலி கேட்டால், பை நிரம்பியுள்ளது எனலாம். அழுத்திப் பார்த்தல் கூடாது. பருத்த உடலினரிடம் இது புலப்படாமலும் போகலாம். புலப்படவில்லை என்பதற்காக ஐயத்தை விட்டுவிடவும் வேண்டா. பெண் பணியாளர்க்கு இச்சோதனை தயக்கம் தருமாயின், மகனையோ பேரனையோ செய்யச் சொல்லித் தாம் விளக்கலாம்.

ஐயம் உறுதியானால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாராவியினர்க்குச் சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை மிக அருகில் இருக்கிறது. அங்கே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி நீரை வடித்துவிடுவர். வடித்தபின் ஓரிரு நாள் சிறுநீர் ஆறாகப் பெருகக்கூடும். அப்போது உப்பும் நீரும் குறைந்து உடல் தளராதபடி கண்காணிப்பது இன்றியமையாதது. அதனால்தான் இதனைத் தெருவோர மருந்தகத்திலோ வீட்டிலோ செய்வித்தல் தகாது. காலத்தே வடிக்கப்பட்டால், குன்றிய சிறுநீரகச் செயல் பெரும்பாலும் ஓரளவேனும் மீள்கிறது.

சுரப்பியின் வளர்ச்சி

முதிய ஆடவரிடம் வழி குறுகுவதற்கு மிகப் பொதுவான காரணம் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாகும். இளமையில் இச்சுரப்பி சிறு நெல்லிக்காயளவினது. எடை ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே அமைந்துள்ளது. மணியின் துளையில் நூல் செல்வதுபோல, சிறுநீர் வழி இதன் நடுவே செல்கிறது. ஆண் ஹார்மோனின் தூண்டுதலால், நடுவயதுக்குப்பின், வழியைச் சூழ்ந்துள்ள உட்பகுதி பருக்கத் தொடங்குகிறது. 60 வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும், 85 வயதினரில் பத்தில் ஒன்பதுபேரிடமும் நுண்ணோக்கியால் இவ்வளர்ச்சியைக் காணலாம். எனினும் இவர்கள் அனைவர்க்கும் துன்பம் வருவதில்லை. சுரப்பியின் பருமனுக்கும் துன்பத்தின் அளவுக்கும் நேரான தொடர்பும் இல்லை. சிறிய சுரப்பி வழியை அடைத்துவிடலாம். பெரிய சுரப்பி யாதொரு தொல்லையும் தராதிருக்கலாம். 'ஸ்கேனில் பெரிதாக இருக்கிறதாம்' என்று அஞ்சுவோர்க்கு இதனைச் சொல்லுக.

இவ்வீக்கம் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தோன்றுகிறது. சிறுநீர் வழியிலிருந்து விலகியிருப்பதால் அது தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. ஒருவர்க்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் மருத்துவர் இரண்டையும் தேடுவர்.

வீக்கத்தால் விளையும் குறைகளை அளந்தறிய ஏழு வினாக்கள் கொண்ட முறை ஒன்று 1992-இல் அமெரிக்க மருத்துவர்களால் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்குகிறது. கழித்தபின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்குவது கடினமா, தாரை மெலிந்துள்ளதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழ வேண்டியுள்ளது என்பவை அவ்வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை எண், மொத்தம் 35. 7 வரை இலேசு. 8 முதல் 19 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. எழுத்தறியாதவர்க்குப் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையும் பிற்காலத்தில் உருவாயிற்று. எண்ணைக் காட்டிலும், 'வாழ்நாள் முழுதும் இப்படியே இருந்தால் பொறுத்துக்கொள்வீர்களா?' என்று அம்முறையின் இறுதியில் கேட்கப்படும் தனி வினாவே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

சிகிச்சை பற்றிச் சிறிதளவு அறிந்திருத்தல் போதும். டாம்சுலோசின் முதலிய மருந்துகள் கழுத்துப் பகுதித் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே குணம் காட்டும். ஆனால் திடீரென எழுந்து நின்றால் தலைசுற்றல் வரலாம். இரும்பேணி ஏறி இறங்குவோர்க்கு இஃது அற்ப எச்சரிக்கையன்று. ஃபினாஸ்டரைடு போன்றவை சுரப்பியையே சுருங்கச் செய்வன. பலன் தெரிய ஆறு மாதமாகலாம். இடையில் 'பயனில்லை' என்று நிறுத்திவிடுவோர் பலர். மருந்துக்கு அடங்காதபோது, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தித் தடையை அகற்றும் அறுவைச் சிகிச்சை இப்போது வழக்கில் உள்ளது. முற்காலத்தில் அடிவயிற்றைத் திறந்தே சுரப்பியை எடுத்தனர். 1900-இல் இலண்டனில் அம்முறையைத் தொடங்கிப் புகழ்பெற்ற பீட்டர் ஃப்ரேயர், அதற்கு முன் இருபதாண்டுக் காலம் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, இந்நாட்டு மக்களின் சிறுநீர்ப்பைக் கற்களை அகற்றியே கைதேர்ந்தவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சளி, மூக்கடைப்புக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் போன்றவை கலந்திருக்கும். முன்னது சிறுநீர்ப்பையைச் சோர்வடையச் செய்யும். பின்னது கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே வழி குறுகியிருப்பவர் இவற்றை உட்கொண்ட இரவில் முற்றிலும் நீரடைப்பு நேர்வதுண்டு. அடிவயிறு வெடிக்கும்போன்ற வலியுடன் துடிப்பவரை வெந்நீர் ஒத்தடத்துக்கும் பார்லிக் கஞ்சிக்கும் காத்திருக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மேலும் மேலும் தண்ணீர் குடிக்கச் செய்வது வலியைப் பெருக்குமேயன்றி வழியைத் திறக்காது.

பெண்டிரின் துன்பம்

பெண்டிர்க்கு இச்சுரப்பி இல்லை. ஆனால் வேறு இடர்கள் உள. ஆடவரின் சிறுநீர் வழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது; பெண்டிரினது 4 சென்டிமீட்டரே. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா எளிதில் பையை அடைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிகிறது. அங்கே காவல் காத்திருந்த நன்மைதரும் நுண்ணுயிர்கள் குறைகின்றன. நீர்க்கடுப்பு மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே பெருங்காரணம். இதனை நம்மவர் 'சூடு பிடித்துக்கொண்டது' என்பர். இளநீரும் வெந்தயமும் தீங்கு செய்யா; ஆனால் காய்ச்சல், முதுகு விலாவில் வலி, நடுக்கம் ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டது எனக் கொள்ள வேண்டும். அப்போது கைமருத்துவத்தில் நாள் கழித்தல் ஆபத்து.

தாராவிப் பெண்டிர்க்கு உடலமைப்போடு ஊரமைப்பும் பகையாகிறது. 2020-இல் கொரோனா பரவிய காலத்தில், அங்குள்ள மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சுமார் 450 பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. வரிசையில் நிற்க வேண்டும். இருட்டில் சந்து கடந்து செல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி இதற்குக் கண்ட வழி தண்ணீரைக் குறைப்பதே. காலையில் ஒரு தேநீர், மதியம் ஒரு குவளை நீர், அந்தி சாய்ந்தபின் ஒன்றுமில்லை. மும்பையின் புழுக்கத்தில் வியர்வையாகப் போவது போக எஞ்சிய சிறிதளவு நீர், அடர்த்தியாகிப் பையில் நெடுநேரம் தங்குகிறது. தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகுவது குட்டைக்கும் பொருந்தும், சிறுநீர்ப்பைக்கும் பொருந்தும். தண்ணீரின் பயனைக் காட்டும் ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. பல்கேரியாவில், அடிக்கடி நீர்க்கடுப்பு கண்டுவந்தவரும் குறைவாக நீர் அருந்துபவருமான 140 பெண்டிரிற் பாதிப்பேர், நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீர் கூடுதலாகப் பருகினர். ஓராண்டில் அவர்க்கு வந்த தாக்குதல், மற்றப் பாதியினர்க்கு வந்ததில் ஏறத்தாழச் சரிபாதியே. அவர்கள் மாதவிடாய் நிற்காத வயதினர் என்பது உண்மை. எனினும் தேக்கத்தின் தீமை எல்லா வயதுக்கும் ஒன்றே.

ஆயின் 'நிறையக் குடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதில் பொருளில்லை. குடித்தபின் எங்கே போவது என்பதே அம்மூதாட்டியின் கேள்வி. இதற்கு விடை கூறாத அறிவுரையை அவர் ஏற்கமாட்டார், ஏற்காததும் நியாயமே. நாளின் தேவையான நீரைக் காலைமுதல் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்குள் பருகச் செய்யலாம். இரவுக்கு மூடியுள்ள வாளியோ, உட்காரும் கமோடு நாற்காலியோ வீட்டிலேயே வைத்துத் திரையிட்டுத் தரும்படி வீட்டாரை இணங்கச் செய்யலாம். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரும்பேணியில் இருட்டில் இறங்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதைவிட இது மேல். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். கழிப்பறைப் பற்றாக்குறை தனியொருவர் தீர்க்கக்கூடியதன்று. ஆடவர் கட்டணமின்றிச் சிறுநீர் கழிக்கப் பெண்டிரிடம் மட்டும் காசு வாங்கப்படுவதை எதிர்த்து, செம்பூரில் அலுவலகம் கொண்ட கோரோ உள்ளிட்ட அமைப்புகள் 2011-இல் மும்பையில் ஓர் இயக்கமே தொடங்கின. 'ரைட் டு பீ' என்று பெயர். பெயரைக் கேட்டுச் சிரித்தவர் பலர். சிரிப்பு அடங்கியபின் கோரிக்கை நின்றது.

மாதவிடாய் நின்றவர்க்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தரும் பயனை 1993-இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. 93 பெண்டிரிடம் நடந்த அவ்வாய்வில், களிம்பைப் பிறப்புறுப்பில் இட்டவர்க்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 0.5 முறையும், இடாதவர்க்கு 5.9 முறையும் தொற்று வந்தது. மலிவான இம்மருந்து, கேட்பார் இன்மையால் எழுதப்படாமலே போகிறது. மார்பகப் புற்றுநோய் கண்டவர் மட்டும் இதைப்பற்றி மருத்துவரிடம் தனியே கலந்துகொள்ள வேண்டும்.

நிற்க. இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் நீர் கசிவது வேறு வகைத் துன்பம். பல பிள்ளைப்பேறும், விடியற்காலையில் குடங்குடமாகத் தண்ணீர் சுமந்த நெடுங்காலமும் இடுப்புக்குழித் தசையைத் தளர்த்திவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இதற்கு ஒரு பயிற்சியை விளக்கினார். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாய்த் தசையை உள்ளிழுத்து, ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தி, பின் தளர்த்த வேண்டும். வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாது செய்தாலன்றிப் பலன் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுதல் கூடாது. கருப்பை இறங்கியிருந்தால் உள்ளே வைக்கும் வளையமோ அறுவையோ தேவைப்படும். 'அடி இறங்கியிருக்கிறது' என்று கிழவியர் காதோடு சொல்வது இதனையே. முப்பதாண்டு மறைத்து வைத்திருப்பவரும் உண்டு.

சோதனையும் எண்ணும்

தொற்று என ஐயுறும்போது, மருந்து தொடங்குமுன் சிறுநீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுத்தாரையைத் தூய குப்பியில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இல்லையேல் நகரத்து வெப்பத்தில் குப்பியிலேயே பாக்டீரியா பெருகி, இல்லாத நோயைக் காட்டும். மில்லி லிட்டருக்கு 1,00,000 பாக்டீரியா என்னும் அளவை 1956-இல் எட்வர்டு காஸ் வகுத்தார். இன்றும் அது வழிகாட்டியாக உள்ளது. எனினும் அறிகுறி ஏதுமில்லாத முதியோரின் சிறுநீரிலும் பாக்டீரியா இருப்பது சாதாரணம்; அதற்காக மட்டும் மருந்து கொடுத்தல் ஆகாது. தேவையற்ற மருந்தால் எஞ்சுவது மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், ஒருகாலத்தில் கைகண்ட மருந்துகளாயிருந்த சிப்ரோஃபிளாக்சசின் வகைக்கு ஈ.கோலை பெருமளவு அடங்காமற் போனது வெளியாகியுள்ளது. மாறாக, சீழணுக்கள் இருந்தும் சோதனையில் எந்தப் பாக்டீரியாவும் வளரவில்லை என்றால், நம் நாட்டில் சிறுநீர் உறுப்புக் காசநோயை நினைக்க வேண்டும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான இல்லங்களில் கழிப்பறை வீட்டுக்குள்ளேயே உண்டு. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உடையோர் பலர். குறை, சோதனை இன்மையன்று, சோதனை மிகுதி. உடல் முழுமைக்குமான பரிசோதனைத் தொகுப்பில் பி.எஸ்.ஏ. என்னும் எண் ஒன்றும் சேர்ந்து வருகிறது. பி.எஸ்.ஏ. பிராஸ்டேட் சுரக்கும் புரதம். மில்லி லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகிறது. பெரியவர் அன்றிரவு உறங்குவதில்லை. தொற்று, நீரடைப்பு, அண்மையில் செலுத்திய குழாய், வெறும் வீக்கம் ஆகிய எதனாலும் இவ்வெண் உயரும். ஃபினாஸ்டரைடு உட்கொள்பவரிடமோ எண் பாதியாகக் குறைந்து, உள்ள நோயையும் மறைக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் நடந்த நெடுங்கால ஆய்வு, இச்சோதனையால் புற்றுநோய் மரணம் ஓரளவு குறைவதையும், துன்பம் தராமலே இருந்திருக்கக்கூடிய நோய்க்குப் பலர் சிகிச்சை பெற நேர்வதையும் ஒருங்கே காட்டியது. 2018-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு, 55 முதல் 69 வயதினர் மருத்துவருடன் கலந்து தாமே முடிவு செய்யலாம் என்றும், 70-க்கு மேற்பட்டவர்க்கு வழக்கமாகச் செய்ய வேண்டா என்றும் கூறியது. அறிகுறி உள்ளவர்க்கு இவ்விதி பொருந்தாது. அவர்க்கு மருத்துவர் சொல்வதே வழி.

இதனால் பிராஸ்டேட் புற்றுநோயை அற்பமாகக் கருதவும் கூடாது. 1963-இல் நிறுவப்பட்ட மும்பைப் புற்றுநோய்ப் பதிவகத்தின் கணக்கில், ஆடவர்க்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லசு ஹக்கின்சு 1966-இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வழியே இன்றும் சிகிச்சையின் அடிப்படை. எலும்புக்குப் பரவிய நோய்க்குச் செம்பூரை அடுத்த டிராம்பேயிலேயே ஒரு மருந்து பிறக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துருவா உலையில் ஆக்கப்படும் லுட்டீசியம்-177 என்னும் கதிரியக்கப் பொருள், நோயணுக்களைத் தேடிப் பற்றும் மூலக்கூறு ஒன்றில் ஏற்றப்பட்டு, உடலுக்குள் சென்று அவற்றைச் சுடுகிறது.

தாமதிக்கலாகாதவை

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வருதல். ஒருமுறை வந்து தானே நின்றாலும் சரி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இவ்வாறே தன்னை அறிவிக்கும். பீடி, சிகரெட்டுப் புகைத்தவர்க்கு இது மிகுதி. சாயத் தொழிலாளரிடம் இந்நோய் காணப்படுவதை 1895-இலேயே ஜெர்மனியின் லுட்விக் ரென் எடுத்துரைத்தார். ஆகவே முன்செய்த தொழிலையும் கேட்டெழுதுக. முதிய ஆடவர்க்குப் புதிதாகத் தோன்றும் விடாத முதுகெலும்பு வலியும், அதனோடு கால் மரத்தல் அல்லது தளர்தலும் அன்றே காட்ட வேண்டியவை. குழாய் பொருத்தி வீட்டில் இருப்பவர்க்குக் காய்ச்சல் வந்தாலும், பையில் நீர் இறங்காது நின்றாலும் அவ்வாறே. அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படலாகாது. குறுகிய அறைகளில் இதனை ஆணியில் மாட்டிவைக்கின்றனர். ஆணி படுக்கையைவிட உயரத்தில் இருந்தால் நீர் திரும்ப உள்ளே செல்லும் என்பதைக் காட்டி விளக்குக.

இரவில் பலமுறை எழுபவர் அனைவரும் பிராஸ்டேட் நோயாளிகள் அல்லர். நீரிழிவு, மாலையில் உட்கொள்ளும் நீர்ப்பெருக்கி மாத்திரை, பகலில் காலில் சேர்ந்த நீர் படுத்ததும் திரும்புதல் ஆகியவையும் காரணமாகும். டாபாகிளிஃபிளோசின் போன்ற புதிய நீரிழிவு மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே கழிப்பதால் நீரும் மிகும். பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பும் வரலாம். மூன்று நாள், அளவிட்ட குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுதி வைத்தால், மருத்துவர்க்கு அது பல சோதனைகளுக்கு ஈடாகும். பள்ளி செல்லும் பேரப்பிள்ளை உள்ள வீட்டில் இக்குறிப்பு எழுதுவது கடினமன்று.

கேட்கும் முறை

'சிறுநீர்' என்பது பாடநூற் சொல். வீட்டில் வழங்கும் சொல்லால் கேட்க வேண்டும். 'தொந்தரவு உண்டா?' என்றால் 'இல்லை' என்பதே விடை. 'எத்தனை முறை?' என்றால் எண் வரும். தாராவியில், "ஆச்சி, ராத்திரி ஒண்ணுக்கு எத்தன தடவ எந்திரிக்கிய?" எனலாம். மாட்டுங்காவில், "மாமி, ராத்திரியிலே எத்தனை தரம் எழுந்துக்கறேள்?" எனலாம். ஆடவரிடம், "அண்ணாச்சி, முன்ன மாதிரி தாரையா வருதா, சொட்டுதா?" என்று கேட்டால் ஒளிவின்றிச் சொல்லிவிடுவர்.

ஆசிரியர்க்கு இங்கே ஒரு தனிப்பணி உண்டு. தமிழன்றி வேறு மொழி அறியாத முதியவர் மருத்துவமனைக்குப் போகும்போது, மராத்தியும் இந்தியும் பேசவல்ல பேத்தியே மொழிபெயர்ப்பாளராகச் செல்கிறாள். பேத்தியின் முன்னிலையில் தாத்தா வேட்டி நனைவதைச் சொல்வாரா? 'கால் வலி' என்று சொல்லி, வலி மாத்திரையுடன் திரும்புவார்; சிறுநீரகம் குன்றியவர்க்கு அவ்வலி மாத்திரையே நஞ்சாகலாம். ஆகவே கேட்டறிந்ததை மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு சீட்டில் எழுதி, உறையிலிட்டு, முதியவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். களப்பணியாளர்க்கு அம்மொழி வாராவிடில் அருகிலுள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர் எழுதித் தரலாம். வயது, எத்தனை நாளாக, பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, படுக்கை நனைகிறதா, இரத்தம் கண்டதா, காய்ச்சல் உண்டா, அடிவயிற்றில் உருண்டை தென்பட்டதா, உட்கொள்ளும் மருந்துகள் யாவை, முன்செய்த தொழில், புகைப் பழக்கம். இத்துணையும் பத்து வரிக்குள் அடங்கும். தொடக்கச் சோதனைகளுக்கு, 2022 நவம்பரில் மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள் பயன்படும். 70 வயது நிரம்பியவர்க்கு, வருமானம் எதுவாயினும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் முதல் வழி செய்துள்ளது. அட்டை பெறாதவர்க்கு ஆதார் அட்டையைக் கொண்டு பதிவு செய்து தருதலையும் அதே வருகையில் முடித்துவிடலாம்.